ஐந்தாவது மன்றாட்டு

மகனே,

நேற்று மாலை பீரோவையும் கட்டிலையும் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு பெரம்பூர் வீட்டுக்குக் கிளம்பினாய். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு தலையை வெளியே நீட்டி, "அம்மா, கல்யாணப் பூசைக்கு மன்றாட்டு எழுதிக் குடுத்துடும்மா. ஃபாதர் ரெண்டு வாட்டி கேட்டுட்டாரு" என்றாய். தலையாட்டினேன். வண்டி நகரத் தொடங்கியபோது இன்னொன்றும் சொன்னாய். "அப்பா பேர அஞ்சாவதுல வச்சிடும்மா." துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் ஒன்று அந்த நேரம் பார்த்து ஹாரன் அடித்தது. காதில் விழாதவள் போல நின்றுவிட்டேன். விழுந்தது. சாப்பிட உட்கார்ந்தபோதும் விழுந்துகொண்டே இருந்தது. நேரில் பேசினால் நான் பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன், நீ போனை எடுத்துக்கொள்வாய். இத்தனை வருடமும் நாம் இரண்டு பேரும் இதை அப்படித்தான் தாண்டி வந்திருக்கிறோம். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு ஜெனியிடமும் கொடு. புதன்கிழமை பெரம்பூர் கோயிலில் அவள் உன் மனைவியாகிவிடுவாள். ரயில்வே குடும்பத்துப் பெண், பெரம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், நம் கோயில் வழக்கங்கள் அவளுக்குத் தெரியாது. அவளுக்காக, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் ராயபுரம் கோயிலில் விசுவாசிகள் மன்றாட்டு ஐந்து. முதலாவது திருச்சபைக்கு, இரண்டாவது நாட்டை ஆள்பவர்களுக்கு, மூன்றாவது நோயாளிகளுக்கும் இல்லாதவர்களுக்கும். நான்காவது கடலில் இருப்பவர்களுக்கு. ஐந்தாவது இறந்தவர்களுக்கு. ஒவ்வொன்றும் வாசித்து முடிந்ததும் எல்லோரும் நின்றபடியே "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்ல வேண்டும். ஆனால் நான்காவது தொடங்கியதும் யார் வீட்டு ஆள் அன்றைக்குக் கடலில் இருக்கிறாரோ அவர்கள் மட்டும் முழங்காலில் இருப்பார்கள். விசைப்படகில் போனவர் வீட்டுக்காரர்களும் இருப்பார்கள், கப்பலில் போனவர் வீட்டுக்காரர்களும் இருப்பார்கள். யார் இதைத் தொடங்கிவைத்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. புதிதாக மாற்றலாகி வரும் குருவானவர்கள் முதல் ஞாயிறன்று பீடத்திலிருந்து கொஞ்சம் திகைத்துப் பார்ப்பார்கள், அடுத்த ஞாயிறு பழகிவிடும். இதில் இன்னொன்றும் உண்டு. ஐந்தாவது தொடங்குவதற்குள் எழுந்துவிட வேண்டும். இறந்தவர்களுக்கான மன்றாட்டு முழங்காலில் இருக்கிறவள் காதில் விழக்கூடாது, அது கடலில் இருக்கிற ஆளுக்கு ஆகாது என்று நம் பெண்கள் நினைக்கிறார்கள். அதனால் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் கோயில் முழுக்க ஒரு சலசலப்பு. முழங்கால் எலும்புகள் நெட்டி முறியும், பெஞ்சுகள் கிறீச்சிடும், ஒருவர் கையை ஒருவர் பிடித்து எழுவார்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது கூச்சமாக இருந்தது. நான் கல்லூரியில் படித்தவள், பாரிமுனையில் ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்ப்பவள், எல்லோர் முன்னாலும் தனியாக முழங்காலில் இருப்பது என்னவோ போல இருந்தது. அன்றைக்கு என் பக்கத்தில் முழங்காலில் இருந்தவள்தான் மேரி அக்கா. காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவள் என்று உனக்குத் தெரியும், ஜெனிக்குச் சொல்கிறேன். அவள் புருஷன் துரை அண்ணன் விசைப்படகில் போவார். எழுந்திருக்கும் நேரம் வந்ததும் என் தோளைப் பிடித்து அழுத்தி, "கைய குடுடி, முட்டி ரெண்டும் பேஜாரு பண்ணுது. உன்ன மாதிரி ஒல்லியா இருந்தா நான் இன்னாத்துக்கு கேக்கப் போறேன்" என்றாள். பூசை நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அதன் பிறகு எங்கள் இடம் மாறவில்லை. இடது பக்கம், மூன்றாவது தூணுக்கு அருகில், அவள் சுவர்ப்பக்கம், நான் உள்பக்கம்.

உன் அப்பா கப்பலில் ஃபிட்டர். பத்து மாதம் கடலில், இரண்டு மூன்று மாதம் வீட்டில். லீவில் வந்து என் பக்கத்தில் நிற்கும் ஞாயிறுகளில் நான்காவது மன்றாட்டு வந்ததும் பழக்கத்தில் என் முழங்கால் மடங்கும். அவர் என் முழங்கையை இழுத்து, "எய்ந்து நில்லு. நான்தான் இங்க குத்துக்கல்லாட்டம் கீறேனே" என்பார், நாலு பெஞ்சுக்குக் கேட்கும்படி. நீ எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பாய். அவர் இல்லாத ஞாயிறுகளில் என்னோடு முழங்காலில் இருப்பாய், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, உதடு வெளுக்கும்படி. அந்த வயதில் யாராவது அப்படிச் செபித்து நான் பார்த்ததில்லை.

வீட்டில் செபமாலை சொல்லும்போது அவர் ஐந்து தேவ ரகசியங்களில் மூன்றாவது வருவதற்குள் தூங்கிவிடுவார். நினைவிருக்கிறதா? ஒருநாள் நீ பென்சிலால் அவர் விலாவில் குத்தினாய். திடுக்கிட்டு விழித்தவர், நாம் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றுகூடத் தெரியாமல், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்று கடைசியில் வரும் மாதா பிரார்த்தனைக்குச் சொல்ல வேண்டிய பதிலை உரக்கக் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நீ தரையில் உருண்டு சிரித்தாய். நான்தான் கோபித்துக்கொண்டேன். கவனமில்லாமல் செபிப்பதற்குச் செபிக்காமலே இருக்கலாம் என்றேன். அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "சொன்னனா இல்லியா? இடம் தப்பிப் போச்சு, அவ்ளோதானே. எந்த எடத்துல வெச்சிக்கணும்னு அவுருக்குத் தெரியாதா?" என்று மேலே கைகாட்டினார். "நைனா, நீ இன்னா சொல்ற?" என்று உன்னையும் கேட்டார். நீ அவர் பக்கம்தான் சேர்ந்தாய். எப்போதும் அவர் பக்கம்தான்.

நீ ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது அவரைக் கப்பலுக்கு அனுப்பிவைத்த ஏஜெண்ட் ஆபீசிலிருந்து போன் வந்தது. விடியற்காலை வேலைக்கு அவர் வரவில்லை என்று அறைக்குப் போய்ப் பார்த்தார்களாம், அங்கேயும் இல்லை. கப்பலைத் திருப்பி வந்த வழியிலேயே தேடினார்களாம். கடல் அமைதியாகத்தான் இருந்ததாம். ஆபீசிலிருந்து பேசிய பையன் "அமைதியாத்தான் மேடம் இருந்திச்சாம்" என்று இரண்டு முறை சொன்னான், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. அதற்குமேல் இன்றுவரை நமக்கு ஒன்றும் தெரியாது. உடல் இல்லை. கல்லறை இல்லை. யாரும் நேரில் வரவில்லை. வந்தது அவர் பெட்டி மட்டும்தான். அந்த ஞாயிறு நாம் பூசைக்குப் போனோம். நான்காவது மன்றாட்டு வந்தது. கோயிலே என்னைப் பார்ப்பது முதுகில் தெரிந்தது. முழங்காலில் இருந்தேன். நீயும் இருந்தாய். அவர் கடலில்தானே இருக்கிறார்? அதை யார் மறுக்க முடியும்? அடுத்த ஞாயிறும் இருந்தேன். ஆறு மாதத்தில் ஒரு குருவானவர், "அம்மா, அவருக்காக ஒரு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வைக்கலாமே" என்று மெதுவாகக் கேட்டார். யோசிக்கிறேன் ஃபாதர் என்றேன். அதற்கப்புறம் எவரும் கேட்கவில்லை. மேரி அக்கா மட்டும்தான் அவரை உயிரோடு இருக்கிற மனிதர் போலத் திட்டினாள். கோயில் படியில் செருப்பைத் தேடிக்கொண்டே, "இன்னாடி, உம் புருசன் இன்னும் வர்ல? எந்த ஊர்ல குந்திகினு பிரியாணி துன்றானோ. வரட்டும், காதப் புட்ச்சி திருவறேன்" என்பாள். உலகத்தில் எனக்கு அதைவிட இனிமையான பேச்சு வேறு இருந்ததில்லை.

இனி எழுதப் போவது உனக்குத் தெரியாது. ஐந்தாவது மன்றாட்டுக்கு எழுந்து நின்ற பிறகு, அன்றிலிருந்து நான் பதில் சொன்னதே இல்லை. உதட்டைக்கூட அசைத்ததில்லை. இறந்தவர்களுக்காக என்று வாசிக்கும்போது அந்தக் கூட்டத்துக்குள் அவரும் நின்றுகொண்டிருந்தால், நான் வாய் திறப்பது அவரை நானே அங்கே தள்ளிவிடுவது போல ஆகிவிடும் என்று தோன்றியது. வாயை மூடியிருந்தால் அவர் அந்தப் பக்கம் போகாமல் நிற்பார். இதைப் படிக்கும்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எனக்கும் தெரியும், நான் படித்தவள்தானே. ஆனால் பூசை முழுவதும் என் கவனமெல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கும். மற்றவர்கள் சொல்வதோடு சேர்ந்து என் வாயும் பழக்கத்தில் திறந்துவிடக் கூடாதே என்று, தொடக்கப் பாடலிலிருந்தே என்னை நானே காவல் காத்துக்கொண்டிருப்பேன். ஒரு சொல்லையும் தவற விடமாட்டேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னை வாசகம் வாசிக்கக் கூப்பிட்டார்கள், மன்றாட்டுகளை எழுதித்தரச் சொன்னார்கள். "உங்கள மாதிரி பூசைல ஒன்றிப்போய் நிக்கறவங்கள பாக்க முடியாது" என்று பங்குப் பேரவையில் ஒருவர் சொன்னார். இறந்தவர்களுக்காக நான் எழுதிய வரிகளைக் கேட்டு எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் அம்மாவை அடக்கம் செய்த பூசையிலும் அப்படித்தான் நின்றேன். என்னைப் பெற்றவளுக்கு அந்த ஒரு வரியை நான் சொல்லவில்லை.

நீ பாலிடெக்னிக்கில் இரண்டாவது வருடம் படிக்கும்போது ஒரு ஞாயிறு நான்காவது மன்றாட்டுக்கு முழங்காலில் இருந்து கண்ணைத் திறந்தேன். பக்கத்தில் உன் முகம் இல்லை, பேண்ட் தெரிந்தது. நீ நின்றுகொண்டிருந்தாய். வீட்டுக்கு வரும் வழியில் வேகமாக நடந்தேன். நீதான் கறிக்கடை முன்னால் நின்று பேச்சை எடுத்தாய். "அம்மா, எனக்குத் தெரில. இருக்காரா இல்லியான்னு எனக்கு மெய்யாலுமே தெரில. தெரியாம அங்க முட்டி போட்டுகினு இருக்க என்னால முடியலம்மா. உள்ள ஒண்ணுமே ஓடல." நான், "உனக்கு அப்பா மேல பாசம் விட்டுப்போச்சு, அதைச் சொல்லு" என்றேன். கறிக்கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார். நீ அரைக் கிலோ வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாய். அன்று உன் அப்பாவை நீ கைவிட்டுவிட்டதாகவே நினைத்தேன். இப்போது யோசித்தால், உள்ளே இல்லாததை உடம்பால் சொல்லாதே என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது நான்தான். சொன்னபடி நீ செய்தாய். நான் செய்யவில்லை.

அவர் வருவார் என்று நான் நம்பி முழங்காலில் இருந்ததாக நீ நினைக்கிறாய், ஜெனி வீட்டாரும் அப்படித்தான் நினைத்துப் பரிதாபப்படுகிறார்கள். அந்த நம்பிக்கை போய் வெகுகாலமாகிறது. எந்த நாளில் போனது என்றுகூடச் சொல்ல முடியாது. அதுவாவது பரவாயில்லை. அதற்குப் பிறகு, கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதும் போய்விட்டது. ஆபீஸ் விட்டு வரும்போது பல நாள் கோயிலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறேன். நற்கருணைப் பேழைக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரியும். ஃபேன் ஓடும் சத்தம், வெளியே லாரிகள் வரிசையில் நகரும் சத்தம். முன்பெல்லாம் ஒன்றும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலே எதிரில் யாரோ இருப்பது தெரியும், அடுத்த அறையில் ஆள் இருப்பது தெரியுமே, அதைப் போல. இப்போது அடுத்த அறை காலி. கண்ணீர் வந்தால்கூட யாருக்கு முன்னால் அழுகிறோம் என்று தெரியாமல் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறேன். இருந்தாலும் ஞாயிறு தவறாமல் முழங்காலில் இருந்தேன். எழுந்திருக்க ஒரு காரணம் இல்லாததால் இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

போன தவக்காலத்தில் துரை அண்ணன் இறந்துபோனார். கடலில் இல்லை, வீட்டில். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லித் தண்ணீர் கேட்டவர், மேரி அக்கா சொம்போடு வருவதற்குள் போய்விட்டார். அடக்கம் முடிந்து வந்த முதல் ஞாயிறு. நான்காவது மன்றாட்டுக்கு அக்கா முழங்காலில் இல்லை. அவள் நிற்க, நான் மட்டும் கீழே இருந்தேன். எழுந்திருக்க அவள்தான் எனக்குக் கை கொடுத்தாள். ஐந்தாவதில் துரை அண்ணன் பெயர் வந்தது. எழுதியதும் நான்தான். கோயில் முழுவதும் பதில் சொன்னது. அக்கா குரல் உடைந்து எல்லோருக்கும் மேலே கேட்டது. நான் வழக்கம்போல நின்றேன். அவள் திரும்பி என் வாயைப் பார்த்தாள்.

வெளியே படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, ஒரு வார்த்த வர்லியே உன் வாய்ல. எதிர்வூட்டுக்காரன் சொல்றான், மூஞ்சி தெரியாதவன் சொல்றான். பக்கத்துல நின்னுகினு நீ வாய மூடிக்கினு கீற. எனுக்குக் கேக்காதா?" என்றாள். நான் ஏதோ சொல்லப் போனேன், உன் அப்பா பெயரை எடுத்தேன். அவள் கையை உதறினாள். "உம் புருசனுக்காவ எத்தினி நாள் முட்டி போட்டுருக்கேன் தெரியுமா? எங்காளு கரைல கீற நாள்ல கூட. படகு மொத்தமும் கட்டிக் கெடக்கறப்போ கீய முட்டி போட எனுக்கு இன்னாடி வேல? நீ ஒண்டியா குந்திகினு கீறியேன்னுதான். கண்ணு தெரில உனுக்கு?" அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத கோடை மாதங்கள். காசிமேட்டில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும், ஆண்கள் வலை பின்னிக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் இருப்பார்கள். அந்த ஞாயிறுகளில் நான்காவது மன்றாட்டுக்குக் கோயிலில் கப்பல்காரர் வீட்டுப் பெண்கள் சிலர்தான் முழங்காலில் இருப்பார்கள். துரை அண்ணன் கதவோரம் வெள்ளை வேட்டியோடு நிற்பார், நானே பார்த்திருக்கிறேன். அப்போதும் என் பக்கத்தில் அவள் தோள் இருந்தது. எழும்போது "கைய குடுடி" என்ற குரல் இருந்தது. வருடா வருடம் இருந்தது. பூசையில் ஒரு சொல் விடாமல் கவனிப்பவள் என்று பெயர் வாங்கிய நான் அதை ஒருமுறைகூடக் கவனிக்கவில்லை. கடவுள் எனக்குப் பதில் சொல்லவில்லை என்று கணக்கு வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒருத்தி வலிக்கிற முட்டியோடு எனக்காக இருந்ததைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். இதைப் பெரிய வெளிச்சம் கிடைத்தது போலச் சொல்லவில்லை. எனக்கு வெளிச்சம் எதுவும் கிடைக்கவில்லை. வெட்கம்தான் கிடைத்தது. அடுத்த ஞாயிறு அவளுக்காக, துரை அண்ணனுக்காக, வாயைத் திறக்கத்தான் போனேன். தாடை இறுகிப்போய்விட்டது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அக்கா இப்போது வலது பக்கம் போய் நிற்கிறாள். உன் கல்யாணப் பத்திரிகையை நானே அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "அங்க வெச்சிட்டுப் போ" என்றாள்.

உங்கள் இரண்டு பேருக்கும் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? இருந்தாலும் அம்மா என்ற முறையில் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், அதிகம் இல்லை. பூசைக்குப் பாதியில் போய்ப் பின்னால் நிற்காதீர்கள். முன்னதாகவே போய் உட்காருங்கள், உங்களுக்கு முன்னால் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதைப் பராக்குப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன், தவறு. யார் துக்கத்துக்குக் கறுப்புப் பட்டை குத்தியிருக்கிறார்கள், யார் குழந்தை இருமுகிறது, யார் இந்த வாரம் வரவில்லை என்று தெரியாமல் எதற்குப் பதில் சொல்வது? வாசகம் வாசிக்கும்போது காதைக் கொடுங்கள். ஒன்றும் புரியாத நாளும், ஒன்றும் உள்ளே இறங்காத நாளும் நிறைய வரும். அந்த நாட்களில் உருகுவது போல நடிக்காதே, நீ நடிக்கவும் மாட்டாய். ஆனால் உனக்காகச் சொல்ல முடியாத நாளில் பக்கத்தில் நிற்பவருக்காகச் சொல். வீட்டில் செபமாலையின்போது ஜெனி தூங்கிவிட்டால் எழுப்பாதே, அவள் பங்கையும் நீயே சொல்லி முடி. எனக்கு அப்படிச் செய்யத் தோன்றவில்லை. லீவில் வந்த மனிதர், இன்ஜின் அறையில் மாதக்கணக்கில் சரியாகத் தூங்காதவர், அவரைத் தூங்க விட்டிருக்கலாம்.

முகூர்த்தப் புடவை எடுக்க வண்ணாரப்பேட்டைக்குப் போனபோது நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "அங்க அந்த வயக்கம் கெடையாதும்மா. நீ முட்டி போட்டா பெரம்பூர் ஆன்ட்டிங்கல்லாம் இன்னாவோ ஏதோன்னு திரும்பிப் பாப்பாங்க." ஜெனி உன்னைக் கிள்ளி, "சும்மா இருங்க, அத்தை எப்படி வேணா இருக்கட்டும்" என்றாள். நல்ல பெண். பயப்படாதே, புதன்கிழமை நான் முழங்காலில் இருக்க மாட்டேன். அதற்காக நான்காவதை எடுத்துவிடவும் இல்லை. கடலில் இருப்பவர்களுக்காக ஒரு வரி எழுதியிருக்கிறேன், பெயர் ஏதும் இல்லாமல். பெரம்பூரில் ரயில்காரர்கள்தான் அதிகம் என்றாலும் சொல்லட்டும், குறைந்துபோய்விடாது. நின்றுகொண்டே கேட்பேன்.

ஐந்தாவதில் மூன்று பெயர்கள் எழுதியிருக்கிறேன். என் அம்மா பெயர், துரை அண்ணன் பெயர், கடைசியில் பிரான்சிஸ். அந்தக் கடைசிப் பெயரை எழுத இன்று காலையிலிருந்து இப்போதுவரை ஆயிற்று. எனக்கு மனம் ஆறிவிட்டது என்று நினைக்காதே, ஆறவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று எனக்கு உறுதியாகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை, உனக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது. அவர் இடத்தை மாற்றி வைத்துவிட்டேனோ என்று எழுதும்போது பயந்தேன். இடம் தப்பினால் அவருக்குத் தெரியாதா என்று உன் அப்பா மேலே கைகாட்டியதை நினைத்துக்கொண்டேன். அப்படி ஒருவர் மேலே இருந்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அதை நான் வாசிக்க மாட்டேன். நீ வாசி. மாப்பிள்ளையே எழுந்து போய் வாசிக்கலாமா என்று அங்கே குருவானவரிடம் போனில் கேட்டுவிட்டேன், "தாராளமா வாசிக்கட்டும்மா" என்றார். மைக்குக்கு மிகவும் கிட்டே போகாதே, பெயர்களை ஒன்றாகச் சேர்த்து ஓட்டாதே, ஒவ்வொன்றாக நிறுத்தி வாசி. ஜனங்கள் பதில் சொல்வார்கள். உன் அப்பாவை அவர்கள் பார்த்ததில்லை, ஆனாலும் சொல்வார்கள். அவர்கள் சொல்லி முடித்ததும் தாளை மடித்துக்கொண்டு இறங்கிவிடாதே. கொஞ்ச நேரம் அங்கேயே நில். எல்லோரும் முடித்த பிறகு ஒரு குரல் பின்தங்கி, தனியாக வந்தால் அது நான்தான். திரும்பிப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். வராவிட்டால் என்னைத் தேடிப் பார்க்காதே. குருவானவர் செபத்தை முடிக்கட்டும். நீ இறங்கிப் போய் ஜெனி பக்கத்தில் நின்றுகொள்.

அம்மா